மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்

குமரேசனுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது.

நேற்று சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோதே போன் அறுந்துவிட்டதே, ஓசூரில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் போகவில்லை. நான்தான் வைத்தேன். நீ சொன்ன வார்த்தைக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. "மாமா சொல்றதுல இன்னாம்மா தப்பு? ரெண்டாவதா ஒண்ணு பெத்துக்கச் சொல்றாரு, அவ்ளோதான? அன்னிக்கி அவ மட்டும் மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கினு இருந்தா இன்னிக்கி எனுக்கு ரெண்டு புள்ளைங்க இருந்திருக்கும்" என்று சொன்னாய். அதைச் சொன்னபோது வெண்ணிலா என் பக்கத்தில் உட்கார்ந்து யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உன் குரல் வெளியே கேட்கும் போன் அது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாய் சோற்றைப் பிசைந்து குழந்தையின் வாயில் வைத்தாள். அவள் பழகிப்போய்விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பழகப்போவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கத்துவாய், பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தில் அதெல்லாம் நடக்காது. கடைசி வரைக்கும் படி.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளாக மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னது நான். அட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டதும் நான்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நீ கேட்டபோதும் அதையே சொன்னாள். நான் இரண்டு தடவையும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக உன் பெண்டாட்டியைக் குழந்தையைக் கொன்றவள் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாய். உன் கோபத்துக்கு ஆள் நான். இனிமேல் அந்தக் கோபத்தை என்னிடம் கொண்டுவா. தாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாதது ஜாஸ்தியாக இருக்கும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிறவன் நீ. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உன் அப்பா போன பிறகு இந்தக் குடும்பம் நின்றது உன் வேலையால்தான். ஆனால் நீ இல்லாத நாட்களில்தான் எல்லாம் நடந்தது.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அவளுக்குக் கை வலி ஆரம்பித்ததை நீ பார்த்திருக்கிறாய். தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வெட்டப் போன குடும்பத்துப் பெண், வேலைக்கு அஞ்சாதவள். உன் மாமாவான என் அண்ணனின் கரும்புத் தோட்டத்தில் களையெடுக்க இறங்கினால் மற்றவர்கள் பாதி பாத்தி முடிப்பதற்குள் இவள் கரையேறிவிடுவாள். அப்படிப்பட்டவள் காலையில் எழுந்து விரலை மடக்க முடியாமல், சொம்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கினாள். வெயிலில் போய்விட்டு வந்தால் இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து தடித்துப்போகும். தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒருவர் சிக்குன்குனியா என்றார், இன்னொருவர் ரத்தம் கம்மி என்றார். "நோகாம திங்கறதுக்கு நடிக்கறா" என்று உன் மாமா சொன்னார். நான் அதை மறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் அதன் பெயர் லூபஸ் என்று தெரிந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "வெளியிலேர்ந்து வர்ற கிருமியோட சண்டை போட வேண்டிய சக்தி, ஆள் அடையாளம் தெரியாம சொந்த உடம்பையே அடிக்குது. மூட்டுல அடிக்கலாம், தோல்ல அடிக்கலாம், கிட்னியில அடிக்கலாம். முழுசா போகாது. ஆனா அடக்கி வைக்கலாம். மாத்திரையை மட்டும் விடவே கூடாது." வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார். "குழந்தை பெத்துக்கலாம். ஆனா நினைச்ச உடனே இல்ல. முன்னாடியே எங்ககிட்ட சொல்லணும். நோய் குறைஞ்சது ஆறு மாசமாவது அடங்கி இருக்கணும். அதுக்கப்புறம்தான்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

மாத்திரை போட ஆரம்பித்து ஒரு வருஷத்தில் அவள் பழையபடி ஆனாள். விரல் மடங்கியது. வயல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் மிஷின் போட்டாள். பிறகு ஒரு நாள் குளிக்காமல் நாள் தள்ளிப்போனதை வெட்கத்தோடு என்னிடம் சொன்னாள். யாரும் திட்டம் போடவில்லை, டாக்டரிடம் சொல்லவும் இல்லை. நீ அன்றைக்குப் போனில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்தாள். நான் சொன்னேன், "இதெல்லாம் சூட்டு மாத்திரை. வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவாது. நிறுத்திடு." அவள் தயங்கினாள். "டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தலாமா அத்த?" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீ படித்துக்கொள்: "கேட்டா போடச் சொல்லித்தான் சொல்லுவாங்க. அவங்களுக்கு இன்னா, அவங்க வூட்டுப் புள்ளயா? நான் எத்தினி வாயும் வயிறுமா இருக்கற பொம்பளைங்களப் பாத்திருக்கேன், எனுக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன்.

முப்பது வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். கச்சிராயபாளையத்தைச் சுற்றி எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சத்துமாவும் கொடுத்து, "டாக்டர் சொன்னத மீறாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவள். சத்துமாவு கொடுக்கத் தெரிந்தால் மருத்துவமும் தெரிந்துவிட்டது என்ற திமிர் எனக்குள் எப்போது வந்ததோ தெரியாது. கர்ப்பத்தில் சில மாத்திரைகள் ஆகாது என்பது நிஜம்தான். ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல நான் யார்? அவள் போட்டுக்கொண்டிருந்த அந்த மாத்திரை பிள்ளைக்கும் தாய்க்கும் பாதுகாப்பானது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதை நிறுத்துவதுதான் ஆபத்து என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஐந்தாம் மாசத்தில் கால் வீங்கியது. "மாசமானா கால் வீங்கறது சகஜம்" என்றேன். காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியது. உப்பைக் குறை என்றேன். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது என்று கூச்சத்தோடு சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி என்றேன். கிராம செவிலியர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு முகம் மாறி, "இன்னிக்கே கூட்டிக்கினு போங்கக்கா" என்றார். நான் போயிருக்கலாம். அன்றைக்கு உன் மாமா வந்து, வெள்ளிமலைக்கு மேலே ஒருவர் நீர் இறங்குவதற்கு வேர் கொடுக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்றார். மறுநாள் காலையில் அவரே கார் வைத்துக் கொடுத்தார். அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த வைத்தியர் மரவள்ளிக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தார். என் வயசுகூட இருக்காது. வெண்ணிலாவைக் கட்டிலில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. கண்ணை விரித்துப் பார்த்தார். தலை வலிக்கிறதா என்று கேட்டார். அவள் நாலு நாளாக வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றாள். அதை என்னிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. அவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?" அங்கன்வாடி என்றேன். "அங்கன்வாடியா? படிச்சவங்க, இந்தப் பொண்ண இங்க எதுக்கு இட்டாந்தீங்க? இது என் வேருக்கு அடங்கறது இல்ல. என்கிட்ட ஒரு வேரும் வாங்காதீங்க. வந்த வண்டிய திருப்புங்க" என்றார். காசும் வாங்கவில்லை. டிரைவரிடம் அவரே போய், வளைவில் மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். வேர் விற்கிறவருக்கு இருந்த அறிவு, கர்ப்பிணிகளின் பதிவேட்டை முப்பது வருஷம் எழுதிய எனக்கு இல்லை.

கள்ளக்குறிச்சியில் காட்டி, அங்கிருந்து நூற்றெட்டு ஆம்புலன்சில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். நோய் கிட்னியில் இறங்கியிருந்தது. பிரஷர் ஏறி, பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறைந்து, ஆறாம் மாசத்தில் அவன் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டான். நான் அவனைக் கையில் வாங்கினேன். உனக்கு அதைப் பற்றி இதுவரை சொன்னதில்லை, இப்போதும் அதற்கு மேல் எழுத மாட்டேன். அதே டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்பக் களைத்துப்போய்க் கேட்டார். வெண்ணிலா என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல மேடம். நானேதான் நிறுத்தினேன்" என்றாள். ஒரு வார்த்தை, "நான்தான்" என்ற ஒரே ஒரு வார்த்தை, நான் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். பிறகு நீ ஓசூரிலிருந்து வந்தாய். நீயும் கேட்டாய். அவளும் அதையே சொன்னாள். "என் புள்ளய நீதான்டி கொன்ன" என்று அத்தனை பேர் இருந்த வார்டில் கத்தினாய். பக்கத்துக் கட்டில்காரி உன்னை வெளியே போகச் சொன்னாள். நான் அப்போதும் மூடியைத்தான் திருகிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாசம் உன் மாமா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "நோய்க்காரிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அவங்க வூட்டுக்கு அனுப்பிடு. பையனுக்கு வேற பாக்கலாம்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எழுந்து, "அண்ணே, எனுக்கு இப்படி ஒரு நோய் வந்து, என் வூட்டுக்காரு என்னைத் திருப்பி அனுப்பியிருந்தா நீ வாங்கி உள்ள வச்சிருப்பியா, இல்ல சண்டைக்குப் போயிருப்பியா? இந்தப் பேச்சு பேசறதுக்கு இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றேன். ஊர் முழுக்க நான் பெரிய மனசுக்காரி என்று பேச்சு வந்தது. நீகூட உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதில் பாதி தைரியம், பாதி குற்றம் செய்தவளின் பயம். இருந்தாலும் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை எதிர்த்துப் பேசிவிட்டால் அடுத்த முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கிட்னியைக் காப்பாற்ற வேறு பலமான மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து ஓடும்போது கர்ப்பமாகவே கூடாது, பிள்ளைக்கு ஊனம் வரலாம் என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. நோட்டுப் புத்தகம் கொண்டுபோய் எழுதிக்கொண்டேன். இரண்டு வருஷம், நீ அவளோடு சரியாகப் பேசாத இரண்டு வருஷம், நானும் அவளும் மாதாமாதம் காலை முதல் டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போய், விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி போனோம். சிறுநீரில் புரதம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் டாக்டரம்மாவின் எதிரில் அவளே வாயைத் திறந்தாள். "எனுக்குக் குழந்தை வேணும் மேடம். ஆவுமா, ஆவாதா? உண்மையச் சொல்லுங்க." டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "ஆகும். ஆனா நான் சொல்றப்பதான் ஆரம்பிக்கணும். இந்த மருந்தை நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஒத்துவர்ற வேற மருந்துக்கு மாத்தி, அதுலயும் நோய் அடங்கி இருக்கான்னு பாத்துட்டுத்தான். சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்றாள். நான் அங்கே இருந்ததையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். அதுதான் சரி.

யாழினி வயிற்றில் இருந்தபோது நடந்ததெல்லாம் உனக்கு 'நல்லாருக்கா, எல்லாம் நார்மல்' என்று போனில் வந்த இரண்டு வார்த்தைதான். அந்த நார்மல் எப்படி வந்தது என்று கேள். பழைய மாத்திரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. மூன்றாம் மாசத்திலிருந்து பிரஷர் எகிறாமல் இருக்கச் சின்னதாக ஒரு ஆஸ்பிரின் சேர்த்தார்கள். பிரஷர் கருவி வாங்கி வந்து காலையும் மாலையும் பார்த்து எழுதினோம். கிட்னியைப் பார்க்கிற டாக்டர், பிரசவம் பார்க்கிற டாக்டர், லூபஸ் டாக்டர் மூன்று பேரும் ஒரே நோட்டில் எழுதினார்கள். அவள் ரத்தத்தில் ஒரு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதாம், அது தொப்புள்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கெடுக்கலாமாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அதற்காக நாலாம் மாசத்திலிருந்து அடிக்கடி ஸ்கேன். ஒருமுறை ஸ்கேன் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். வெண்ணிலா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்து எனக்கு ரத்தம் வந்தது. பிறகு அவர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி துடித்தது. "நல்லா ஓடுது. பாப்பா திரும்பிப் படுத்துக்கிட்டிருந்தது, அதான்" என்றார். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள், "பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்த, வாங்க" என்றாள்.

வளைகாப்பில் நடந்ததும் உன் காதுக்கு வந்திருக்காது. நீ ஆண்களோடு வெளியே பந்தலில் இருந்தாய். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மாத்திரைப் பெட்டியைத் திறந்ததும் உன் மாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இத்தினி மாத்திரைய முழுங்கினா புள்ள எப்படிப் பொறக்கும்? ஒரு தடவ பட்டது பத்தாதா?" என்றாள். வெண்ணிலாவின் கை பெட்டியின் மேல் நின்றுவிட்டது. நான் தண்ணீர் சொம்போடு போய் அவள் எதிரில் நின்று, "போடும்மா. எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். "இதுல ஒண்ணு கொறஞ்சாதான் புள்ளைக்கு ஆபத்து. தெரியலன்னா என்னைக் கேளுங்க, அவள ஒண்ணும் கேக்காதீங்க" என்று மாமியிடம் சொன்னேன். அந்த இடத்திலாவது என் குற்றத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒன்பதாம் மாசம் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதும் அவர்கள் காத்திருக்கவில்லை. உள்ளே சேர்த்து, நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல், பிள்ளையை எடுத்தார்கள். இரண்டே கால் கிலோ. நான் எடை போட்ட குழந்தைகளிலேயே அவ்வளவு கோபமாக அழுத குழந்தை கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவள் பால் கொடுக்கக் கூடாது என்று பார்க்க வந்த இரண்டு பேர் சொன்னார்கள். இந்த மாத்திரைகளுக்குக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். பால்பவுடர் டப்பாவோடு வந்தவர்களை அந்த டப்பாவோடேயே திருப்பி அனுப்பினேன். பிரசவத்துக்குப் பிறகுதான் நோய் திரும்பக் கிளம்பும் என்பதால் அடுத்த ஆறு மாசம் அவளை வெயிலில் காலெடுத்து வைக்க விடவில்லை. துணி கேட்டு வந்தவர்களிடம், தைக்க முடியாது, போய்ட்டு அப்புறம் வாங்க என்று சொன்ன பொல்லாத மாமியார் நான்தான். இனிமேலும் அப்படித்தான் இருப்பேன்.

இப்போது உன் மாமா கேட்கிற இரண்டாவது பிள்ளைக்கு வருகிறேன். "ஒரு பொட்டப் புள்ளயோட நிறுத்திக்கினா வம்சம் இன்னா ஆவறது" என்கிறாராம். வம்சம் எங்கும் போகவில்லை, வீடு முழுக்கத் தவழ்ந்து என் மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல். டாக்டரம்மாவிடம் போன மாசம் நானே கேட்டேன். நோய் அடங்கியே இருந்தால் பிறகு யோசிக்கலாம், அவசரமே இல்லை, வேண்டாமென்றாலும் ஒரு குறையும் இல்லை என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்றுதான் காப்பர் டி வைத்திருக்கிறார்கள். வெண்ணிலாவிடம் கேட்டேன். "யோசிக்கணும் அத்த" என்றாள். அவள் யோசிக்கட்டும். ஒரு வருஷம் யோசிக்கட்டும், பத்து வருஷம் யோசிக்கட்டும். யோசித்து வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வேண்டும் என்று சொன்னால் மறுபடியும் நோட்டுப் புத்தகம், மறுபடியும் முதல் பஸ். உன் மாமாவும் வேண்டாம், நானும் வேண்டாம், நீயும்கூட அவளை அவசரப்படுத்த வேண்டாம். அது அவள் கிட்னி, அவள் உயிர். வெண்ணிலாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, காதுகுத்துக்குத் தாய்மாமன் இடத்தில் மடியில் உட்காரவைக்க மாட்டேன் என்று மாமா மிரட்டினாராமே. குழந்தையை நான் என் மடியில் வைத்துக் குத்திக்கொள்கிறேன். ஊரும் உறவும் என்ன பேசினாலும் பேசட்டும்.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு இன்று மத்தியானம் வெண்ணிலாவை மிஷினிலிருந்து எழுப்பி உட்காரவைத்து, முழுவதும் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. "இப்ப எதுக்கு அத்த இதெல்லாம், வுடுங்க" என்றாள். விடமாட்டேன் என்றேன். பிறகு, "அப்ப ஒண்ணு சேத்து எழுதுங்க" என்றாள். "நான் உங்கள காப்பாத்தறதுக்காக மட்டும் பொய் சொல்லல. நெஜத்தச் சொன்னா அவரு உங்களோட சண்ட போட்டுக்கினு ஓசூருக்குப் போயிடுவாரு. நீங்க என்மேல கோச்சிக்குவீங்க. அப்புறம் என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு யாரு இருக்கா? அந்த பயம்தான் எனுக்கு. அதையும் எழுதுங்க." நான் அவளைப் பெரிய தியாகி என்று நினைத்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் போய்விடுமே என்று பயந்த சின்னப் பெண், குமரேசா. அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குப் புதுச்சேரியில் செக்கப். லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமையே வந்து சேர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை. டாக்டரம்மா கேட்பதற்கு அவள் பதில் சொல்வாள், நீ குறுக்கே பேசாதே. பிரஷர், சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தம் எல்லாவற்றையும் நீயே எழுதிக்கொள். மன்னிப்பை ஆஸ்பத்திரியில் கேட்காதே, பஸ்ஸில் கேள். மூன்று மணி நேரப் பயணம், அவளால் எழுந்து போக முடியாது. யாழினியை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் பஸ் ஐந்தரைக்கு. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், அங்கே நீ உட்கார்.

அம்மா